கல்மேல் எழுத்தும் புற்பாலமும்

1911 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24 ஆம் நாள். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், ஆண்டிஸ் மலைத்தொடரின் செங்குத்தான சரிவொன்றில் அமெரிக்கர் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். கீழே உருபம்பா ஆறு இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஏறியவர் பெயர் ஹைரம் பிங்ஹாம். யேல் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்து வந்தவர். மெல்ச்சோர் அர்த்தியாகா என்னும் உள்ளூர் உழவர் ஒரு வெள்ளி நாணயம் கூலி பேசிக்கொண்டு வழிகாட்டினார். மேலே சென்று பார்த்தால், இன்காக்கள் அமைத்த படிக்கட்டு வயல்களில் உழவர் குடும்பங்கள் பயிரிட்டு வாழ்ந்துகொண்டிருந்தன! அங்கிருந்த சிறுவன் ஒருவன் விருந்தாளியைக் கட்டடங்களுக்கிடையே அழைத்துச் சென்றான். கொடியும் மரமும் மூடிக் கிடந்த அந்த வெண்கல் மாளிகைகளைத்தான் இன்று உலகம் மாச்சு பிச்சு என்று அறிகின்றது. அங்கே மூன்று சாளரங்கள் கொண்ட கோயிலின் சுவரில் கரித்துண்டால் ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தது. அகுஸ்தீன் லிசாராகா என்பது அப்பெயர். அதனருகே குறித்திருந்த ஆண்டு 1902.

அம்மலையுச்சியில் பலருடைய உழைப்பும் ஆசையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. கட்டச் சொன்ன மன்னன் ஒருவன். கல் சுமந்த பெயரறியாத் தொழிலாளர் பலர். சுவரில் பெயர் எழுதிய லிசாராகா. உலகுக்கு அறிவிக்கப்போகும் பிங்ஹாம். இவற்றைப் பற்றிய கவலையின்றி அம்மண்ணில் விதைத்து உண்ட உழவர். இவர்களுள் யாருடைய பெயர் அந்த இடத்தோடு நிற்க வேண்டும்? இக்கேள்வியைச் சற்று விரித்துக் கேட்போம். தனக்குப் பின்னும் தன் பெயர் நிலைக்க வேண்டும் என்று மனிதன் விரும்புவது அறத்தின்பாற்பட்டதா, அன்றி ஆசையின் மற்றொரு வடிவந்தானா? இன்கா நாட்டின் வரலாறு இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைந்திருக்கின்றது.

ஊக்கமும் வெஃகலும்

தமிழ் மொழி இத்துறையில் நுண்ணிய வேறுபாடுகளை அறிந்த மொழி. உயர நினைப்பதை ஊக்கம் என்றது. பிறர் பொருளைக் கவர நினைப்பதை வெஃகல் என்றது. அளவிறந்து நினைப்பதைப் பேராசை என்றது. முன்னதைப் போற்றியது, பின்னிரண்டையும் கடிந்தது. வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும் வெஃகாமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். புகழ் என்னும் அதிகாரத்தை இல்லறவியலின் இறுதியில், ஈகை என்னும் அதிகாரத்தை அடுத்து வைத்தார். கொடுத்தலுக்குப் பின்னரே புகழ் என்ற அந்த வைப்புமுறையே நம் சிந்தனைக்கு உரியது.

எனினும் நடைமுறையில் ஊக்கம் எங்கே முடிகின்றது, வெஃகல் எங்கே தொடங்குகின்றது என்று கோடு கிழிப்பது எளிதன்று. ஒரே மனிதனுள் இரண்டும் கலந்தே குடியிருக்கின்றன. இன்காப் பேரரசின் எழுச்சியிலேயே இதனைக் காணலாம்.

உலகைப் புரட்டியவன்

பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இன்காக்கள் குஸ்கோ என்னும் மலைப் பள்ளத்தாக்கைச் சுற்றிச் சிறு நிலப்பரப்பையே ஆண்டு வந்தனர். சங்கா என்னும் பகைக் குலத்தார் படையெடுத்து வந்தபோது முதிய மன்னன் நகரை விட்டு நீங்கினான் என்றும், இளைய மகன் ஒருவன் நின்று போரிட்டு வென்றான் என்றும் பழைய வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. அவன் அரியணை ஏறிய ஆண்டு 1438 என்பது மரபு. கரிமச் சோதனை செய்த அண்மைக்கால ஆய்வாளர் அதனினும் சற்று முற்பட்ட காலத்தையே சுட்டுகின்றனர். அவன் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் பச்சகூட்டெக். உலகைப் புரட்டுபவன் என்பது அதன் பொருள்.

பெயருக்கேற்ப அவன் புரட்டினான். அவனும் அவன் மகனும் பேரனும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குள், இன்றைய கொலம்பியாவின் தெற்கு எல்லையிலிருந்து சிலி நாட்டின் நடுப்பகுதி வரையில் ஆட்சியை விரித்தனர். நான்கு திசைப் பகுதிகளும் ஒன்றானது என்னும் பொருளில் அந்நாட்டுக்குத் தவாந்தின்சூயு என்று பெயர். அவர்களிடம் இரும்பு இல்லை, சக்கர வண்டி இல்லை, குதிரை இல்லை, எழுத்தும் இல்லை. கயிற்றில் முடிச்சிட்டுக் கணக்கு வைத்த கீப்பு என்னும் கருவியே அவர்களுடைய ஏடு. இவற்றைக் கொண்டே 30,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகளை மலைமீதும் பாலைமீதும் இட்டனர். வழியெங்கும் தானியக் களஞ்சியங்களை நிறுவினர். அஞ்சல் ஓட்டக்காரரை நிறுத்தினர். சரிவுகளையெல்லாம் படிக்கட்டு வயல்களாக்கினர். ஆறு நாடுகளில் பரவிக் கிடக்கும் அச்சாலைத் தொகுதி 2014 ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது.

இதனை ஊக்கம் என்று போற்றலாம். ஆனால் அவ்வளவில் நிறுத்திக்கொண்டால் நாம் உண்மைக்கு நேர்மையாக நடந்துகொண்டவர் ஆகமாட்டோம். வென்ற மக்களை ஊர் ஊராகப் பெயர்த்து வேற்று நிலங்களில் குடியேற்றிய அரசு அது. எதிர்த்து நின்ற கராங்கி மக்களை வாய்னா கப்பாக் என்னும் மன்னன் கொன்று குவித்த இடம் இன்றைய ஈக்வடார் நாட்டில் இரத்த ஏரி என்ற பெயரோடு இருக்கின்றது. பின்னாளில் இசுபானியர் வந்தபோது கன்யாரி, வாங்கா முதலிய மக்கள் திரள்திரளாக அவர்கள் பக்கம் சேர்ந்தனர். சாலை அமைத்த கையே வாளையும் ஏந்தியது. வயல் கண்டவர் அதனை வாழ்த்தினர். வாள் கண்டவர் அதனைப் பழித்தனர். இரண்டும் உண்மையே.

இறந்தவரின் சொத்து

பெயர் நிலைக்க வேண்டும் என்னும் ஆசையை இன்காக்கள் ஒரு சட்டமாகவே ஆக்கிவிட்டனர். மன்னன் இறந்தால் அவனுடைய உடலைப் பதப்படுத்தி அரண்மனையிலேயே வைத்திருப்பர். முடி அடுத்தவனுக்குப் போகும். ஆனால் இறந்தவனுடைய அரண்மனையும் நிலமும் ஏவலரும் இறந்தவனுக்கே உரியனவாக நிற்கும். பனாக்கா எனப்பட்ட அவன் வழிவந்தோர் குழு அவற்றை அவன் பெயரால் நிருவகிக்கும். அவ்வுடலுக்கு நாள்தோறும் உணவு படைப்பர், ஆடை மாற்றுவர், திருநாள்களில் நகர் நடுவே எழுந்தருளச் செய்வர், அதன் கருத்தைக் கேட்டுச் சொல்வோரும் இருந்தனர். மாச்சு பிச்சுவும் இவ்வாறு பச்சகூட்டெக்கின் குடும்பத்துக்கு உரிய தோட்ட மாளிகையாக இருந்ததென்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு.

இதனால் விளைந்தது என்ன? புதிதாக முடிசூடியவன் பெயரளவில் மன்னன்; செல்வத்தால் ஏழை. தனக்கென நிலம் வேண்டுமாயின் புதிய நாட்டை வெல்ல வேண்டும். அல்லது புதிய மலைச்சரிவை வெட்டித் திருத்த வேண்டும். இறந்தோரின் புகழை அணையாமல் காப்பதற்காக வாழ்வோர் மேன்மேலும் போர்க்களம் புக வேண்டியதாயிற்று. பேரரசு விரிந்ததற்கு இவ்வழக்கமே தலையாய காரணம் என்று வாதிடும் ஆய்வாளர் உளர். அத்துணை முதன்மை அதற்கு இல்லை என்று மறுப்போரும் உளர். எவ்வாறாயினும் அதன் சுமை பெரிது என்பதில் ஐயமில்லை. நல்ல நிலமெல்லாம் இறந்தோர் கையில் இருக்கின்றது என்று மனம் வெதும்பிய வாஸ்கர் என்னும் மன்னன், அதனைப் பறித்துக்கொள்வதாகச் சொல்லிக் குஸ்கோ நகரப் பெருங்குடியினரின் பகையைத் தேடிக்கொண்டான் என்று பழைய குறிப்புகள் தெரிவிக்கின்றன. அவனுக்கும் அவன் ஒன்றுவிட்ட தாய் வயிற்றுத் தம்பி அதவால்பாவுக்கும் மூண்ட உள்நாட்டுப் போர் நாட்டைச் சிதைத்தது. அந்நியர் வந்த வேளை அதுவே.

அம்மன்னர்களின் உடல்கள் என்னவாயின? 1559 ஆம் ஆண்டில் இசுபானிய அதிகாரி ஒருவர் அவற்றைத் தேடிக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு, கல்வியின் பொருட்டு இசுபானியாவுக்குப் புறப்பட்ட இளைஞர் ஒருவர் அவ்வுடல்களைக் கண்டார். இன்கா இளவரசிக்கும் இசுபானியப் படைத்தலைவருக்கும் பிறந்த கார்சிலாசோ அவர். வாய்னா கப்பாக்கின் விரலைத் தாம் தொட்டுப் பார்த்ததையும், அவ்வுடல்களைத் துணியால் மூடித் தெருவில் கொண்டு சென்றபோது மக்கள் மண்டியிட்டு அழுததையும் அவர் 1609 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் குறித்தார். உடல்கள் லிமா நகருக்குச் சென்றன. அதன்பின் அவை இருக்குமிடம் தெரியவில்லை. அண்மைக்காலத்தில் தேடியவர்களுக்கும் கிட்டவில்லை. நூறாண்டு சோறு படைத்துக் காத்த புகழ் ஒரு மருத்துவமனை முற்றத்து மண்ணில் கலந்துவிட்டது போலும்!

கேட்ட கதையும் கண்ட தீவும்

புதிய நிலம் தேடும் வேட்கை இன்காக்களிடமும் இருந்தது. பச்சகூட்டெக்கின் மகன் தூப்பாக் இன்கா யுப்பாங்கி மிதவைக் கலங்களில் மேலைக் கடலுக்குள் சென்று, செல்வம் நிறைந்த இரு தீவுகளைக் கண்டு மீண்டான் என்று ஒரு கதை வழங்கியது. அதனை எழுதி வைத்தவர் பெத்ரோ சார்மியெந்தோ என்னும் இசுபானியக் கடலோடி. உண்மையில் நிகழ்ந்ததா என்பது இன்னும் வாதத்துக்குரியதே. ஆனால் அக்கதை சும்மா இருக்கவில்லை. அதில் நம்பிக்கை வைத்த சார்மியெந்தோ முதலியோர் 1567 ஆம் ஆண்டில் பெருவிலிருந்து கப்பல் ஏறினர். அடுத்த ஆண்டு பசிபிக் கடலின் நடுவே தீவுக் கூட்டம் ஒன்றை அடைந்தனர். பொன் விளைந்த விவிலிய மன்னன் சாலமோனின் பெயர் அத்தீவுகளுக்கு அமைந்தது. தேடிய பொன் கிட்டவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த மக்களுக்கோ தங்கள் தீவு கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தியே விளங்கியிராது.

கண்டுபிடித்தல் என்னும் சொல்லை நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. ஒருவன் முதன்முதலாகத் தன் கண்ணால் காண்பது அவனுக்குக் கண்டுபிடிப்பே. அந்த வியப்பு உண்மையானது. அதைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் தான் முதலிற் கண்டேன் என்பதனாலேயே அது தனதாகிவிட்டது என்று கருதும்போது ஊக்கம் வெஃகலாக மாறிவிடுகின்றது.

மணலில் கிழித்த கோடு

அம்மாற்றத்தைப் பிரான்சிஸ்கோ பிசாரோவின் வாழ்க்கையைப்போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. முறைப்படி மணவாத பெற்றோர்க்குப் பிறந்தவர்; எழுதப் படிக்க அறியாதவர்; நடுவயதைக் கடந்த பின்னும் பொருளும் பெயரும் வேண்டிக் கடலில் அலைந்தவர். 1527 ஆம் ஆண்டில் காயோ என்னும் தீவில் பசியாலும் நோயாலும் வாடிய துணைவர்கள் திரும்பிவிட விரும்பினர். பிசாரோ வாளால் மணலில் ஒரு கோடு கிழித்தார் என்றும், வறுமைக்கு மீள்வோர் ஒருபுறமும் துன்பத்தை ஏற்றுச் செல்வம் தேடுவோர் மறுபுறமும் நிற்குமாறு கூறினார் என்றும், பதின்மூவர் மட்டுமே அவரோடு கோட்டைக் கடந்தனர் என்றும் சொல்லப்படுகின்றது. அவரது நெஞ்சுரத்தை யாரும் மறுக்க இயலாது.

அந்த நெஞ்சுரம் எங்கே கொண்டு போய் விட்டது? 1532 நவம்பர் 16 ஆம் நாள் கஹமார்க்கா நகரச் சதுக்கத்தில், 168 பேர் கொண்ட படை வஞ்சகமாக அதவால்பாவைச் சிறைப்பிடித்தது; ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். விடுதலைக்கு விலையாக ஓர் அறை நிறையப் பொன்னும், அதேபோல் இருமுறை நிறைய வெள்ளியும் தருவதாக அதவால்பா ஒப்புக்கொண்டான். நாடெங்கும் இருந்து திரட்டித் தந்தான். பொன் மட்டும் ஆறு டன் அளவுக்கு இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கைவினைஞர் வடித்த கலங்களும் உருவங்களும் உலையில் உருகிக் கட்டிகளாயின. 1533 ஆம் ஆண்டில், சொன்ன சொல்லை மீறி, அம்மன்னனும் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டான்.

பங்கு பிரிப்பதில் எழுந்த பகை வளர்ந்தது. பிசாரோவின் நெடுநாள் கூட்டாளியான அல்மாக்ரோவை 1538 ஆம் ஆண்டில் பிசாரோவின் உடன்பிறந்தார் கொன்றனர். 1541 ஜூன் 26 ஆம் நாள் அல்மாக்ரோவின் ஆட்கள் லிமாவில் பிசாரோவின் இல்லத்துள் புகுந்து அவரைக் குத்திக் கொன்றனர். பின்னர் நடந்ததோ நகைப்புக்கும் இரக்கத்துக்கும் ஒருங்கே உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லிமா நகரப் பேராலயத்தில் பிசாரோவின் உடல் என்று ஒன்றைக் கண்ணாடிப் பேழையில் வைத்தனர். ஏறத்தாழ நூறாண்டு காலம் மக்கள் அதனைக் கண்டு சென்றனர். 1977 ஆம் ஆண்டில் அடித்தளப் பணி செய்த தொழிலாளர்க்கு ஓர் ஈயப்பெட்டி கிடைத்தது. உள்ளிருப்பது பிசாரோவின் தலை என்று அதன்மீது பொறித்திருந்தது. வாள் காயங்களும் ஒத்திருந்தன. அவ்வளவு காலமும் மரியாதை பெற்ற உடல் வேறு யாருடையதோ! பெயர் ஒருவருடையது, பேழையில் கிடந்தது பிறிதொருவர். பெயரை மட்டும் நாடி வாழ்ந்த வாழ்வுக்கு இதனினும் பொருத்தமான உரையை யாரும் எழுதியிருக்க முடியாது.

துடைக்கப்பட்ட பெயர்

இனி, மலையுச்சியில் விட்டுவந்த பிங்ஹாமிடம் மீள்வோம். அவர் கொள்ளையர் அல்லர்; கற்றவர். எனினும் புகழ் விருப்பம் கற்றவரிடம் வேறு வகையில் வேலை செய்கின்றது. இசுபானியருக்கு அடங்காத இன்கா மன்னர்கள் 1572 வரை தங்கியிருந்த வில்கபம்பா என்னும் கடைசித் தலைநகரைத் தேடியே அவர் வந்தார். மாச்சு பிச்சுவைக் கண்டதும் அதுவே வில்கபம்பா என்று துணிந்தார். 1956 ஆம் ஆண்டில் இறக்கும்வரை அவ்வெண்ணத்தை விடவில்லை. உண்மையான வில்கபம்பாவோ, காட்டினுள் எஸ்பிரித்து பம்பா என்னும் இடத்தில் கிடந்தது. அதே 1911 ஆம் ஆண்டில் பிங்ஹாம் அங்கும் சென்றார். சில சுவர்களைப் பார்த்துவிட்டு, இத்துணைச் சிறிதா என்று திரும்பிவிட்டார். தேடிய பொருள் கையில் இருந்தும் அவர் அறிந்திலர். பெருமைக்குப் பொருந்தியதையே உண்மை என்று கொண்டார்.

சுவரில் கண்ட லிசாராகாவின் பெயரை அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். மாச்சு பிச்சுவைக் கண்டவர் அவரே என்றும் குறித்தார். விளைநிலம் தேடி வந்த எளிய உள்ளூர்க்காரர் அவர். அடுத்த ஆண்டில் ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். சுவரெழுத்தும் பின்னர்த் துடைக்கப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல பிங்ஹாமின் எழுத்திலும் அப்பெயர் மங்கிக்கொண்டே வந்தது. உண்மை தெரியாமல் மறைப்பது பிழை. தெரிந்து எழுதி வைத்தபின் மறப்பது குற்றம் என்றே சொல்ல வேண்டும். ஆயினும் நடுநிலை வேண்டும். படமெடுத்து, அளந்து, 1913 ஆம் ஆண்டில் ஒரு திங்களிதழ் முழுவதும் எழுதி உலகின் கண்ணை அத்திசையில் திருப்பியவர் பிங்ஹாமே. அவர் கொண்டு சென்ற தொல்பொருள்கள், நெடிய வழக்குக்கும் 2010 ஆம் ஆண்டு உடன்பாட்டுக்கும் பின், 2011, 2012 ஆண்டுகளில் குஸ்கோவுக்குத் திரும்பின. கடன் தீர்க்க நூறாண்டு ஆயிற்று.

ஆண்டுதோறும் பிறக்கும் பாலம்

இதுவரை கூறியன எல்லாம் நிலைக்க விரும்பியவர்களின் கதை. நிலைத்தது எது என்று இனிக் காண்போம்.

குஸ்கோ வட்டாரத்தில் அப்பூரிமாக் ஆற்றின் குறுக்கே கெஸ்வாச்சாக்கா என்றொரு தொங்கு பாலம் இருக்கின்றது. நீளம் ஏறத்தாழ 28 மீட்டர். அது முழுவதும் புல்லால் ஆனது. இன்காச் சாலைகளில் இத்தகைய பாலங்கள் பல இருந்தன. அவற்றைப் புதுப்பிக்கும் கடமை அருகிலுள்ள ஊரார்க்கு அரசு விதித்த உழைப்பு வரி. அரசு அழிந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகின்றன. ஏவுவாரும் தண்டிப்பாரும் இல்லை. பக்கத்திலேயே வண்டிகள் செல்லும் புதிய பாலமும் உண்டு. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் திங்களில் நான்கு ஊர் மக்கள் கூடுகின்றனர். வீட்டுக்கு இவ்வளவு என்று மலைப்புல்லை அறுத்து, நனைத்து, தட்டி, பெண்கள் மெல்லிய கயிறாக முறுக்குகின்றனர். ஆடவர் அவற்றைச் சேர்த்து வடமாகத் திரிக்கின்றனர். நிலத்தாய்க்கு வழிபாடு செய்து, பழைய பாலத்தை வெட்டி ஆற்றில் விடுகின்றனர். இரு கரையிலிருந்தும் பின்னிக்கொண்டே வந்து நடுவில் சந்திக்கின்றனர். மூன்று நாள் வேலை. நான்காம் நாள் விழா. 2013 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இக்கலையை மனித குலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது.

2020 ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாக அவர்களால் கூட இயலவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அந்த ஜூனிலேயே மீண்டும் கட்டினர். ஓராண்டு கைவிட்டால் விழுந்துவிடும் ஒரு பொருள் ஐந்நூறு ஆண்டுகளாக இருந்து வருகின்றதென்றால் அது எத்தகைய நிலைபேறு! கல்லில் ஓங்கிய மாச்சு பிச்சுவைக் காடு மூடியது. புல்லால் ஆன பாலத்தில் மக்கள் நடந்துகொண்டே இருந்தனர்.

இங்கே ஒரு தடை எழலாம். இப்பாலப் பணியும் முன்னாளில் மன்னன் கட்டளையால் செய்ததுதானே. அதனையும் வன்முறையின் எச்சம் என்னலாமே? மெய்தான். ஆனால் கட்டளை செத்தபின் பணி எதனால் வாழ்ந்தது என்பதை நோக்க வேண்டும். உறவினரும் அண்டை வீட்டாரும் ஒருவருக்கொருவர் முறைவைத்து உழைத்துக் கொடுக்கும் வழக்கம் அம்மலை ஊர்களில் மன்னர்களுக்கு முற்பட்டது. மன்னர்கள் அதனைக் கடன் வாங்கி அரசுக்குப் பயன்படுத்தினர். மன்னர் போனபின் ஊரார் தங்கள் பொருளைத் தாங்களே மீட்டுக்கொண்டனர். வெறும் கட்டளையாக இருந்தவை மறைந்தன. மக்கள் தமதாக ஏற்றவை நின்றன. ஆகவே, மரபு என்பது ஒருவன் விட்டுச் செல்வதால் மட்டும் உண்டாவதன்று. பின்வருவோர் அதனைக் கையேற்றுக்கொள்ளும்போதுதான் அது மரபாகின்றது. கொடுப்பவன் விரும்பலாம், கட்டாயப்படுத்த இயலாது.

பெயரில்லாக் கொடை

இவ்வாறு கையேற்கப்பட்ட கொடைகளுள் மிகப் பெரியது நம் அடுக்களையிலேயே இருக்கின்றது. உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலையின் பிள்ளை. இன்காக்களுக்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தித்திகாகா ஏரியைச் சூழ்ந்த மேட்டுநிலங்களில், கசப்பும் நஞ்சும் கலந்த காட்டுக் கிழங்கைத் தேர்ந்து தேர்ந்து நட்டு உணவாக்கினர் எவரோ. இரவுப் பனியில் உறையவிட்டு, பகல் வெயிலில் காலால் மிதித்து நீர் போக்கி, ஆண்டுக்கணக்கில் கெடாத சுன்யோ என்னும் உலர்கிழங்காக்கும் முறையும் அவர்கள் கண்டதே. இன்காப் படைகள் அதனை உண்டுதான் நடந்தன. பதினாறாம் நூற்றாண்டில் அக்கிழங்கு கடல் கடந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. பின்னர் நம் நாட்டுக்கும் வந்தது. இன்று உலகில் சீனத்துக்கு அடுத்தபடி உருளைக்கிழங்கை மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியா. 1971 ஆம் ஆண்டில் லிமாவில் தொடங்கப்பெற்ற பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் ஆயிரக்கணக்கான கிழங்கு வகைகளைக் காத்து வருகின்றது.

கஹமார்க்காவில் உருக்கிய பொன் எங்கே? போர்க்கடனிலும் ஆடம்பரத்திலும் கரைந்தது. அப்பொன்னைக் கவர்ந்தவர்கள் ஏறிட்டும் பாராத கிழங்கோ கோடிக்கணக்கான மக்களின் பசியைத் தீர்த்து வருகின்றது. அதனை முதலில் நட்ட பெண்ணுக்கோ ஆணுக்கோ பெயர் இல்லை, சிலை இல்லை, பேழை இல்லை. ஆனால் நாள்தோறும் நாம் அவர்கள் இட்ட சோற்றை உண்கின்றோம்.

அப்படியானால் பெயர் விரும்புவதே தவறு என்று முடிக்கலாமா? அவ்வாறு முடிப்பது எளிது. ஆனால் மனித இயல்புக்கு நேர்மையாகாது. லிசாராகா கரித்துண்டெடுத்துத் தம் பெயரை எழுதியபோது அதில் பேராசை இல்லை. நானும் இங்கே வந்தேன் என்ற எளிய மகிழ்ச்சியே இருந்தது. அப்பெயர் துடைக்கப்பட்டதை அறியும்போது நம் நெஞ்சு நோகின்றதே, அந்த நோவே பெயருக்கும் ஓர் உரிமை உண்டு என்பதற்குச் சான்று. தன் பெயரை நாட்ட விரும்பலாம். அதற்காகப் பிறர் பெயரைத் துடைக்கலாகாது. பெரும்பணி தொடங்கலாம்; அதன் சுமையை மறுப்புச் சொல்ல இயலாதவர் தோளில் ஏற்றலாகாது. முடித்தபின் அதனைத் தன் உடைமையாகப் பற்றிக்கொண்டிராமல் பிறர் கைக்கு விட வேண்டும். இவ்வளவையும் கைக்கொண்ட பின்னரும் பெயர் நிலைக்குமா என்பது நம் கையில் இல்லை. அதனை ஏற்றுக்கொள்வதே ஊக்கத்துக்கு அணிகலன்.

தாயகத்தை விட்டு நெடுந்தொலைவில் தமிழ்ச் சங்கங்களை வைத்து நடத்தும் நமக்கு இக்கேள்வி வெறும் வரலாற்றுக் கேள்வி அன்று. இம்மலரின் பக்கங்களிலும் நம் பெயர்கள் அச்சேறியிருக்கின்றன, அது பிழையில்லை. சங்கம் கண்டவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும், அதுவும் கடமையே. ஆனால் கண்டவர்களின் படங்கள் மட்டும் சுவரில் நிலைத்து, நூலகக் கதவைத் திறப்பார் இல்லாமற் போனால், பதப்படுத்திய மன்னர்களுக்குச் சோறு படைத்த குஸ்கோவின் நிலைதான் நமக்கும். ஞாயிறுதோறும் வந்து பாய் விரித்து, நாலு பிள்ளைகளுக்கு அகரம் எழுதக் கற்பித்து, விளக்கை அணைத்துப் பூட்டிச் செல்பவர் ஒருவர் எங்கும் இருப்பார். அவர் பெயர் பெரும்பாலும் எந்த மலரிலும் வருவதில்லை. அப்பூரிமாக் ஆற்றங்கரையில் புல் முறுக்கும் பெண்களின் இனத்தைச் சேர்ந்தவர் அவர். இந்த ஆண்டுக்குரிய கயிற்றை அவர் முறுக்கிவிட்டார். அடுத்த ஆண்டுக்கு நாம் புல் அறுக்க வேண்டும்.